ஒரு சிட்டிகை சோடா

சிவந்துவிட்டது. ரெங்கநாயகி சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். பார்க்க அவசியமே இல்லை, சிவப்புத்தான், கல்யாண வீட்டு வாசலில் தட்டில் வைத்திருக்கும் பன்னீர் ரோஜாவின் சிவப்பு. நல்ல பாலாக இருந்தால் இந்த மருந்தை இரண்டு சொட்டு விட்டதும் ஒரு மண் பழுப்புக்குப் போய் அங்கேயே நின்றுகொள்ளும், சோடா கலந்த பாலாக இருந்தால் சிவக்கும், இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பால் புளித்தால் அதில் அமிலம் ஊறுகிறது என்று அர்த்தம், சோடா காரம், ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு அடங்கிவிடும், புளித்த பால் முகத்தைக் கழுவிக்கொண்டு சாதுவாக வந்து நிற்கும். மூக்கை ஏமாற்றலாம், புளிப்புக் கணக்கை ஏமாற்றலாம், இந்த மருந்தை ஏமாற்ற முடியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பால் இறக்கும் மேடையின் ஓரத்தில், சிந்தலூத்து மகளிர் பால் சங்கத்துக் கேன்கள் தனியாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கேன் இறக்குகிற இசக்கிமுத்து சொட்டு நீலப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கெட்ட பாலை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஊர் டீக்கடையில் போய் விற்றுவிடுவார்கள் என்று, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கேனுக்குள் விட்டுக் கலக்கிச் சாக்கடையில் கொட்டுவது இந்தக் குளிரூட்டும் நிலையத்து வழக்கம். போன மாதம் இதே ஊர்ப் பால் இதே போலச் சிவந்து, நீலமாகி, கொட்டியாகிவிட்டது. அன்றைக்கே மேனேஜர் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை நடந்தால் சிந்தலூத்துக்கு வண்டி போகாது என்று. வண்டி போகாவிட்டால் சங்கம் இல்லை, சங்கம் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான், கரிசக்காட்டில் வேறு என்ன இருக்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ரெங்கநாயகி எழுந்திருக்கவில்லை. எதனாலோ அவளுக்குத் தோசை மாவு ஞாபகம் வந்தது.

மாவு வீட்டில் இருந்தது. மாவைப் பற்றிய பேச்சு காலையில் இங்கே, இந்த அறையில், இதே கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நடந்தது. அவள் விடியற்காலையிலேயே வேலைக்கு வந்துவிடுகிறவள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது வீட்டுக்காரர் பொறுப்பு. பெருமாள்சாமி போன் பண்ணி, “ரெங்கா, மாவு புளிச்சுப் போச்சு, பிள்ளை மூஞ்சியைச் சுளிக்கா, என்ன செய்யட்டும்?” என்றான். “ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டுக் கலக்குங்க. ரெண்டு விரல்ல எடுக்கதுதான், அள்ளிப் போட்டுராதீங்க.” “சோடா எங்க இருக்கு?” “கடுகு டப்பாவுக்குப் பின்னாடி.” “கடுகு டப்பா எங்க இருக்கு?” இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஓடுகிறதே என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபம் வரவில்லை, பெருமாள்சாமி மேல் அவளுக்குக் கோபம் நிலைப்பதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா பதற்றத்தில் திரிந்த பாலில் காப்பி போட்டுவிட்டாள். மேலே துளித்துளியாக மிதந்ததை ரெங்கநாயகி தட்டைத் தூக்கும்போதே பார்த்துவிட்டாள், கெமிஸ்ட்ரி படித்த பெண் திரிந்த காப்பியைக் கொண்டு போய் நீட்டுகிறாளே என்று வெட்கமாக இருந்தது, ஆனால் வழியில் நின்று சொல்ல முடியுமா, கொண்டு போய்க் கொடுத்தாள், அவன் கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு நன்றாக இருந்தது என்றான். நாக்கு செத்தவனா, நல்லவனா என்று அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம் இன்னும் தீரவில்லை. இருக்கட்டும். மாவுக்கு என்ன இப்போது. மாவுக்குச் சோடா போடச் சொன்னவள் பாலுக்குச் சோடா போட்டவர்கள் மேல் தீர்ப்புச் சொல்வதா என்று மனசு குடைகிறதோ. அப்படி ஒன்றும் இல்லை, அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. மாவு அவள் வீட்டு மாவு, அவள் பிள்ளை தின்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை. இந்தப் பால் பாக்கெட்டில் போய் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் வாயில் விழும், சோடாவுக்கு அடியில் என்னென்ன கிருமி ஒளிந்திருக்கிறதோ யார் கண்டது. பதில் சரியான பதில்தான். ஆனாலும் மாவு போகவில்லை, ஈரச் சேலை காலைத் தடுக்குகிற மாதிரி தடுக்கிக்கொண்டே இருந்தது.

அவளுக்கு இப்படி வருவது கிடையாது. வேலையில் ரெங்கநாயகி தடுமாறினதாக இந்த நிலையத்தில் ஒரு ஆளும் சொல்ல முடியாது, அந்தத் திமிர் அவளுக்கு உண்டு, திமிர் என்று ஒத்துக்கொள்ளவும் வெட்கம் கிடையாது. காலேஜில் நீள ப்யூரெட்டில் காரத்தை ஏற்றிக் கீழே குடுவையில் அமிலத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும்போது, மற்ற பெண்களுக்கெல்லாம் கடைசியில் குடுவை பளிச்சென்று அடர்ந்த சிவப்பாகிவிடும், சொட்டு மிஞ்சிவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். அவளுக்கு மட்டும் குடுவை லேசாக, இருக்கிறதா இல்லையா என்று கேட்க வைக்கிற ஒரு சிவப்பில் வந்து நிற்கும். அந்த ஒரு சொட்டு விழுவதற்கு முன்னாலேயே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, குடுவையைச் சுழற்றும்போது நிறம் வந்து வந்து மறைகிற வேகம் குறையும், மனசு மூச்சைப் பிடிக்கும், விரல் திருகை அரைவாசிக்கு மூடும், அவ்வளவுதான். அமிலத்தையும் காரத்தையும் பார்த்துப் பயப்படுகிறவர்களை அவளுக்குப் புரிந்ததே இல்லை. மனிதர்களை விட அவை எவ்வளவோ மேல், இன்னதைப் போட்டால் இன்னதாகும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி வரை மாற்றிப் பேசாதவை. மாமியார் ஒரு முறை இவள் நாக்கில் ஆசிட் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லி அது சுற்றிக்கொண்டு இவள் காதுக்கு வந்தபோது கூட, ஆசிட் என்றால் அத்தனை கேவலமா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நாக்குத்தான் போன மாதம் மேடையில் நின்று பேசியது. சிந்தலூத்துச் சங்கத்துச் செக்ரட்டரி குருவம்மாள், நரை விழுந்த தலை, தோளில் ஒரு துண்டு, எல்லாருக்கும் முன்னால் வந்து, “எங்க ஊர்க் கடையில ஆப்பச் சோடாவே கிடையாது மேடம், வேணும்னா வந்து பாருங்க” என்றாள். ரெங்கநாயகி சிவந்த குழாயை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “ஏம்மா, ஆளு பொய் சொல்லும், குழாய் பொய் சொல்லாது” என்றாள். நல்ல பதிலாக அமைந்துவிட்டது என்று அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் ஒரு திருப்தி கூட இருந்தது. இசக்கிமுத்து நீலத்தை விட்டார். பால் நீலமாவது பார்க்க நன்றாகவே இருக்காது, வெள்ளைக்குள் அது ஒரு கொடி மாதிரி இறங்கி அப்புறம் கேன் முழுக்கச் செத்த நிறமாகிவிடும். வண்டியில் கூட வந்திருந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிள்ளையைப் புதைக்கிற இடத்தில் நிற்பது போல. ரெங்கநாயகிக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் சோடா போடும்போது இந்த வாயைப் பொத்தியிருக்கலாமே என்றும் தோன்றியது, இரண்டும் சேர்ந்தே தோன்றியது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. குருவம்மாள்தான், கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்றாள்.

“மேடம், வெயிலு ஏறுது. பாலு நிக்காது.”

“இருங்க. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“என்னன்னு மட்டும் சொல்லிருங்க. நல்லதுன்னாலும் சரி, கெட்டதுன்னாலும் சரி.”

“சொல்லுதேன். போய் நெழல்ல நில்லுங்க.”

குருவம்மாள் போகவில்லை. கதவை விட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, அங்கேயே துண்டை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சிவந்த குழாய் ரெங்கநாயகியின் கையில்தான் இருந்தது, அதைச் சட்டென்று உடம்புக்குப் பின்னால் மறைத்ததை அவளே அப்புறம்தான் கவனித்தாள். எதற்காக மறைத்தேன், நான் என்ன திருடினேனா. வெளியே சொல்ல வேண்டியதுதானே, குழாய் சிவந்தது, பால் போச்சு, சங்கம் போச்சு. போன மாதத்துக்குப் பிறகு சிந்தலூத்துப் பாலுக்கு மட்டும் தினமும் சோடா சோதனை, மற்ற ஊர்களுக்கு முறை வைத்து எப்போதாவதுதான். தினமும் சோதித்ததில் ஒரு நாளும் சிவக்கவில்லை, பழுப்பு, பழுப்பு, பழுப்பு, சரி திருந்திவிட்டார்கள் என்று அவளும் நம்பினாள். கொட்டின நீலத்துக்குப் பயன் இருந்தது என்று மேனேஜரிடம் கூடச் சொன்னாள். திருந்தினவர்கள் எதற்காக மறுபடி போட வேண்டும், அதுவும் இன்றைக்கு. இன்றைக்கு வண்டி முன்னதாகவே வந்துவிட்டது, கறந்த சூடு கேனில் கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் அவள் மூக்கை வைத்துப் பார்த்தாள், புல் வாடையும் மாட்டு வாடையும் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்த்தாள், திரியவில்லை. பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் புளிப்பு அளவு பார்த்தாள், அந்தக் கடைசிச் சொட்டு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது, பசும்பாலுக்கு இருக்க வேண்டிய அளவு. புளித்த பாலில் சோடா போட்டிருந்தால் இந்த அளவு சரியாகத்தான் காட்டும், அதற்குத்தானே சோடா போடுகிறார்கள், அது சரி. ஆனால் இப்போது கறந்த பால் புளிக்காதே. புளிக்காத பாலில் சோடா போட்டால் அளவு இன்னும் கீழே அல்லவா போக வேண்டும், தின்பதற்கு அமிலம் இல்லாமல் காரம் மிஞ்சி நிற்க வேண்டுமே. நேற்றைய சாயங்காலப் பாலைக் கலந்திருப்பார்களோ. கலந்திருக்கலாம், புளித்த பழைய பால், அதில் சோடா, அதன் மேல் புதுப் பால், திருட்டுக்கு மூளை வேண்டாமா, இருக்கிறது அவர்களுக்கு. மேஜையில் ஒரு குவளையில் மாதிரிப் பால் மிச்சம் இருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். சோடா மிஞ்சினால் சோப்புச் சுவை வரும். வரவில்லை. இனிப்புத்தான், பருத்திக்கொட்டை தின்ற மாட்டுப் பாலுக்கு இருக்கிற கொழுத்த இனிப்பு. மூக்கு நல்ல பால் என்கிறது, நாக்கு நல்ல பால் என்கிறது, கிண்ணம் நல்ல பால் என்கிறது, குழாய் ஒன்றுதான் இல்லை என்கிறது. நாலு பேர் சாட்சியில் ஒருத்தர் மட்டும் மாறினால் எந்தப் பக்கம் சாய்வது. குழாய்ப் பக்கம்தான் என்று இத்தனை வருஷமும் சாய்ந்திருக்கிறாள், மற்ற மூன்றையும் ஏமாற்றலாம், இதை ஏமாற்ற முடியாது, அப்படித்தான் பாடம். பாடம் சரி. மாவு, மாவு என்று மனசு அரிக்கிறதே, அது எந்தப் பாடம்.

சரி, மாவையே பார்த்துவிடலாம் என்று அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஒரு கட்டத்தில் இதை விட்டுக்கொடுத்துவிடுவது நல்லது, துரத்தினால்தான் இந்த மாதிரி நினைப்பு பிடிவாதம் பிடிக்கும். போன் வந்தது. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எதற்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள், குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்காக அவள் கழுவினாள், கழுவுகிற கனகமணி இன்றைக்கு லீவு, தங்கைக்கு வளைகாப்பு. போன் மேஜையில் அதிர்ந்தது, பிள்ளைக்கு ஏதாவதோ என்று பதறி எடுத்தாள், எடுத்த போன் கையை விட்டு நழுவியது. ஆமாம், நழுவியது, தொட்டி விளிம்பில் விழுந்திருக்கும், இடது கையால் பிடித்துவிட்டாள், நல்ல வேளை என்று நினைத்தாள். கடுகு டப்பா எங்க இருக்கு என்று அவன் கேட்கும்போது இவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் சேலையில் துடைத்தாள், துடைக்கத் துடைக்க விரல் வழவழவென்று இருந்தது, ஒரு சிட்டிகை என்று அவனுக்குச் சொல்லும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டினாள், போனில் யாருக்குத் தெரியப் போகிறது, ஆனாலும் காட்டினாள், அந்த இரண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று எண்ணெய் மாதிரி வழுக்கியது. காரம் அப்படித்தான் வழுக்கும். அமிலம் சுருக்கென்று பிடிக்கும், காரம் வழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் கூடச் சொல்லிவிடலாம். பால் பிசுக்குப் போவதற்காகக் குழாய்களை வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊற வைப்பார்கள், பிரஷ் விட்டுத் தேய்ப்பார்கள், அப்புறம் மூன்று தண்ணீர் அலச வேண்டும், கடைசியில் காய்ச்சி வடித்த நீர் ஒரு தடவை. அவள் தேய்த்தாள். போன் வந்தது. பேசி முடித்தாள். அந்த நேரம் முதல் வண்டி வந்து ஹாரன் அடித்தது. குழாய்கள் தாங்கியில் கவிழ்ந்து நின்றன. அவள்தான் கவிழ்த்திருக்க வேண்டும், வேறு ஆள் இந்த அறைக்குள் கிடையாது. நடுவில் அலசினாளா. தேய்த்தது ஞாபகம் இருக்கிறது, சிரித்தது ஞாபகம் இருக்கிறது, கவிழ்த்தது கூட லேசாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் ஞாபகம் இல்லை.

இந்த இடத்தில் ரெங்கநாயகிக்குப் பயம் வந்தது. ஆனால் பயம் வந்தால் உட்கார்ந்து பயப்படுகிற ரகம் இல்லை அவள். தாங்கியிலிருந்து ஒரு காலிக் குழாயை எடுத்தாள். அதில் பால் விடவில்லை, காய்ச்சி வடித்த நீரை ஊற்றினாள், சோடாவும் இல்லாத அமிலமும் இல்லாத வெறும் தண்ணீர், அதற்குச் சிவக்க ஒரு காரணமும் கிடையாது. ஆல்கஹால் விட்டாள், மருந்தை இரண்டு சொட்டு விட்டாள், குலுக்கினாள். வெறும் தண்ணீர் பன்னீர் ரோஜாவாகச் சிவந்தது. அடப் பாவி என்று வாய்விட்டே சொன்னாள், யாரைச் சொன்னாள் என்பதில் சந்தேகமில்லை. இன்னொரு குழாயை எடுத்து முதல் தண்ணீர், இரண்டாவது தண்ணீர், மூன்றாவது தண்ணீர் என்று வாயால் சொல்லிக்கொண்டே அலசினாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது வாய் எண்ணுமே அந்த மாதிரி, வடித்த நீரை விட்டு உதறினாள், குவளையில் மிச்சமிருந்த சிந்தலூத்துப் பாலை ஊற்றினாள், ஆல்கஹால், மருந்து, ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பழுப்பு. மண் பழுப்பு, நல்ல பாலின் அழகில்லாத பழுப்பு. இத்தனை அழகாக ஒரு பழுப்பை அவள் பார்த்ததே இல்லை. மருந்து பொய் சொல்லவில்லை, இப்போதும் இல்லை, அப்போதும் இல்லை, குழாயில் சோடா இருக்கிறது என்று அது கத்திக்கொண்டுதான் இருந்தது, பாலில் இருக்கிறது என்று அவளாகத்தான் கேட்டுக்கொண்டாள். நல்ல வேளையாகப் போயிற்று, கதவைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் நீலம் இறங்கியிருக்கும். தப்பித்தார்கள், தப்பித்தேன், அந்த மாவு நினைப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால். அவள் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தாள். கை வைத்த இடத்தில் இன்னொரு நினைப்பு வந்து இடித்தது.

போன மாதம். போன மாதம் சிவந்த அன்றைக்குக் குழாய் கழுவினது யார். கனகமணி என்றுதான் இருக்க வேண்டும், எப்போதும் அவள்தானே. இல்லை. போன மாதம் கனகமணி ஊரில் கோயில் கொடை, போய்விட்டு வந்து சாமி பிரசாதம் என்று ஒரு தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள், பாலைக் கொட்டிய மறுநாள் கொடுத்தாள், கொட்டின வாடை இன்னும் போகவில்லையே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்தாள். அன்றைக்கும் கழுவினது இந்தக் கைதான். நடுவில் கனகமணி கழுவின எல்லா நாளும் பழுப்பு. அவள் கழுவாத இரண்டு நாள், இரண்டு சிவப்பு. அன்றைக்கு அலசினேனா என்று அவள் மனசைப் பிடித்து உலுக்கினாள். அலசினேன், நன்றாக அலசினேன், எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று மனசு உடனே சொன்னது, ஒரு சொட்டுக் கூடத் தயங்கவில்லை. அந்தத் தயங்காத குரலைக் கேட்டதும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது, ஏனென்றால் கொஞ்சம் முன்னால் குழாயை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்தபோதும் இதே குரல்தான் இதே நிச்சயத்தோடு பேசியது. இரண்டு நிச்சயத்துக்கும் ருசியில் வித்தியாசமே இல்லை. அன்றைக்குப் பாலில் உண்மையாகவே சோடா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தப் பால் நீலமாகிச் சாக்கடையில் போய், வண்டலோடு காய்ந்து, மழையில் கரைந்தும் போயிற்று, அதை எந்தக் குழாயில் ஊற்றிப் பார்ப்பது.

அவள் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. இசக்கிமுத்து புட்டியின் மூடியைத் திருகத் தயாராக விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“பாலை எடுத்துக்கிடுங்கண்ணே,” என்றாள். “நல்ல பால். என் குழாயிலதான் சோடா இருந்திருக்கு. நான்தான் சரியா அலசாம விட்டுட்டேன்.”

இந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை இசக்கிமுத்து கேட்டதில்லை. புட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு முதல் கேனின் காதைப் பிடித்தார். பால் மேடைத் தொட்டிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. குருவம்மாள் தலைத் துண்டை இறக்கித் தோளில் போட்டு, இரண்டு கையையும் கூப்பி, “புண்ணியமாப் போவும் மேடம்” என்றாள். போன மாதத்தை அவள் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை, பிழைத்ததே பெரிது என்கிற முகம் அது. இப்படியே திரும்பி உள்ளே போய்விடலாம், எவரும் தடுக்க மாட்டார்கள், எவருக்கும் தெரியவும் தெரியாது. அந்தக் கும்பிடுதான் ரெங்கநாயகியைப் போகவிடவில்லை. அதை வாங்கிக்கொண்டு போக அவளுக்கு உடம்பு கூசியது.

“அக்கா,” என்றாள், அதுவரைக்கும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. “போன மாசத்துப் பாலும் நல்ல பாலா இருந்திருக்கலாம். அன்னைக்கும் குழாய் கழுவுனது நான்தான்.”

குருவம்மாளின் கை இறங்கியது. “இருந்திருக்கலாம்னா?”

“தெரியாதுக்கா. பாக்கதுக்கு இப்பப் பால் இல்ல. பாக்க முடியாததைக் கெட்டதுன்னு சொல்ல எனக்கு வாய் கிடையாது. மேனேஜர்ட்டயும் இதையேதான் சொல்லப் போறேன். உங்க ஊர் மேல எந்தக் குத்தமும் இல்லைன்னு.”

குருவம்மாள் தொட்டிக்குள் விழுகிற பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வருவாள் என்று ரெங்கநாயகி எதிர்பார்த்தாள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

“சண்முகத்தாயின்னு ஒருத்தி மேடம்,” என்றாள் கடைசியில். “எங்க ஊர்லயே அவ ஒருத்திதான் காலையில ஆப்பம் சுட்டு விக்கா. டவுன்ல இருந்து சோடா வாங்கியாந்து வீட்ல வச்சிருப்பா. அவதான் போட்டிருக்கணும்னு எல்லாருமாச் சேந்து சொல்லிட்டோம். அன்னையிலிருந்து அவ பாலைச் சங்கத்துல வாங்குறதில்ல. பிள்ளை தலையில கை வச்சு சத்தியம் பண்ணினா.” நிறுத்தினாள். “நான்தான் அவ வாயை அடைச்சேன். ஆளு பொய் சொல்லும், குழாய் பொய் சொல்லாதுன்னேன்.”

அது ரெங்கநாயகியின் வார்த்தை. தன் வாயில் பிறந்த வார்த்தை எத்தனை மைல் போய் எவள் வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறது. சமாதானம் சொல்வதில் அவள் என்றைக்கும் கெட்டிக்காரி இல்லை. செய்வதில்தான் கெட்டிக்காரி.

“நாளைக்குக் காலையில அவ பாலைத் தனிக் கேன்ல கொண்டு வாங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க. குழாயை அவ கண்ணு முன்னாடி அலசுதேன். முதல்ல வெறும் தண்ணியில பாத்துட்டு, அப்புறம் அவ பால்ல பாக்கேன். பக்கத்துல நின்னு அவளே பாக்கட்டும்.”

“கூப்பிட்டா வருவாளான்னு தெரியல.”

“வரலைன்னா குழாயை எடுத்துக்கிட்டு நான் வாரேன். வண்டியில எனக்கு ஒரு இடம் இருக்கும்லா.”

குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டிரைவர் பக்கத்துல உக்காரலாம்” என்றாள். காலிக் கேன்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

ரெங்கநாயகி உள்ளே வந்து தாங்கியில் இருந்த அத்தனை குழாய்களையும் எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். தண்ணீரைத் திறந்தாள். மேஜையில் போன் அதிர ஆரம்பித்தது, பெருமாள்சாமி, தோசை எப்படி வந்தது என்று சொல்லக் கூப்பிடுகிறானோ, கடுகு டப்பாவை இன்னும் தேடுகிறானோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தண்ணீரைக் கொட்டினாள், இரண்டாவது தண்ணீரைக் கொட்டினாள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள், இன்னும் லேசாக வழுக்கியது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் மூன்றாவது தண்ணீரைப் பிடித்தாள்.